உப்புக் காற்றில் பழைய கார்: கரன்ட், ஏசி கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ராமேஸ்வரத்துக்கு முந்தின ஊரான மண்டபத்தில் எங்கள் வீட்டு வாசலில் 2005ஆம் வருட மாருதி 800 நிற்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் காற்று அடித்தாலும் வாடைக் காற்று அடித்தாலும் உப்பு வந்து படிவது வண்டி மேல்தான். மதுரையில் பத்து வருடம் தாங்குகிற ஒயர் முனை இங்கே நாலு வருடத்தில் பச்சை பிடித்துவிடும். அதனால் இந்தக் கரையில் ஓடும் பழைய காரில் கரன்ட் கோளாறு என்றால் பாகம் செத்துவிட்டது என்று நினைப்பதற்கு முன்னால், அந்தப் பாகத்துக்குப் போகிற வழியில் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கீழக்கரையில் ஒயரிங் வேலை பார்த்த ஒரு பெரியவர். நான் போய் “பாய், டைனமோ மாத்தியும் சார்ஜ் ஏறல” என்று நின்றபோது, பானட்டைத் திறந்து ஒரே ஒரு ஒயரைத்தான் தொட்டார். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை. மேலே நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றியதும் அடியில் பச்சையும் வெள்ளையுமாக மாவு உதிர்ந்தது. “தம்பி, கரன்ட் போற வழிய எல்லாரும் பார்க்கிறாங்க. திரும்பி வர்ற வழிய யாரும் பார்க்கிறதில்ல” என்றார். முந்தின வாரம் வேறொரு ஒர்க்ஷாப்பில் நான் கழற்றிப் போட்ட பழைய டைனமோ நல்ல டைனமோதான்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு சாதாரண மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப் (கரன்ட் வந்தால் எரியும் சோதனை விளக்கு), 10ஆம் நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள், வாசலின், ஒரு ஜம்ப்பர் கேபிள். வேலை தொடங்கும் முன் மோதிரம், வாட்சைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றினால் மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் இரண்டு அளவு இவைதான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் சமாளிக்கலாம். 12.0 என்றால் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் டைனமோ வேலை செய்கிறது. இந்த அளவை பேட்டரிக் கம்பத்திலேயே, அதாவது பேட்டரியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஈயக் குமிழிலேயே, மீட்டர் முனையை வைத்து எடுங்கள், மேலே மாட்டிய கிளாம்பில் வைக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில்தான் களிம்பு உட்கார்ந்திருக்கும்.

சாவி திருப்பினால் ‘டக்’, செல்ப் சுற்றவில்லை

பேட்டரி 12.5 காட்டுகிறது, ஆனால் செல்ப் (இன்ஜினைக் கிளப்பும் மோட்டார்) ஒரு டக் சத்தத்தோடு நின்றுவிடுகிறது, அல்லது இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் சிவப்பு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பிலும் பிடியுங்கள். இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். செல்ப் போடும் அந்த நேரத்தில் மீட்டர் 0.2, 0.3 காட்டினால் எர்த் நல்லது. அரை வோல்ட்டுக்கு மேல் ஏறினால் திரும்பும் வழி அடைத்திருக்கிறது. பேட்டரி தர வேண்டிய பலத்தை அந்தக் களிம்பே தின்றுவிடுகிறது.

மீட்டர் இல்லையென்றால் ஜம்ப்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் கவ்வவிட்டு செல்ப் போடுங்கள். சட்டென்று சுற்றினால் எர்த் பட்டைதான் குற்றவாளி. புதுப் பட்டைக்கு ஆகும் செலவு செல்ப் மோட்டார் செலவில் ஒரு மூலைக்குக் காணாது.

பட்டையைச் சும்மா இறுக்கினால் போதாது. கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, மாட்டி இறுக்கி, அப்புறம் மேலே வாசலின் தடவ வேண்டும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கழன்றுவிடும். அந்தத் தண்ணீர் பேட்டரி மூடிக்குள் போகக் கூடாது. எர்த் சரியாக இருந்தும் டக் மட்டுமே வந்தால், பிளஸ் ஒயரையும் இதே மாதிரி அளந்து பாருங்கள். அதுவும் சரி என்றால்தான் செல்ப் மோட்டாரின் பாகங்களான கார்பன், சொலினாய்டு பக்கம் போக வேண்டும்.

பிரேக் மிதித்தால் மீட்டர் போர்டு எரிகிறது

ஒருநாள் ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும்போது பாம்பன் சாலைப் பாலத்தில் பார்த்தேன். பொழுது சாயும் நேரம், லைட் இன்னும் போடவில்லை. முன்னால் போன வேன் நின்று நின்று போக, நானும் பிரேக்கை மிதித்து மிதித்து விட்டேன். மிதிக்கும்போதெல்லாம் மீட்டர் போர்டு விளக்கு மங்கலாக மினுங்கியது. பாலம் இறங்கி நிறுத்தி, வீட்டுக்காரியை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய்ப் பார்த்தால், இடது பிரேக் லைட் எரிய வேண்டிய அளவுக்கு எரியவில்லை. முன்பக்க பார்க்கிங் விளக்கு கொஞ்சமாக எரிகிறது.

பார்க்கப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். விஷயம் எளிது. பின்விளக்கு பல்பில் 21 வாட்ஸ் பிரேக் இழை ஒன்று, 5 வாட்ஸ் ராத்திரி இழை ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரே எர்த். அந்த எர்த் அறுந்துவிட்டால் பிரேக் கரன்ட் வெளியேற வழியில்லாமல் 5 வாட்ஸ் இழை வழியாகப் பின்னோக்கிப் போகிறது. அந்த லைனில் பார்க்கிங் விளக்கும் மீட்டர் போர்டு விளக்கும் இருக்கின்றன. அவற்றின் எர்த் நன்றாக இருப்பதால் அங்கே போய்ச் சேர்ந்து அவற்றை எரிய வைக்கிறது. ஒரு ஸ்விட்சைப் போட்டால் சம்பந்தமில்லாத விளக்கு எரிகிறது என்றால், சுவிட்சைத் தேட வேண்டாம், எர்த்தைத் தேடுங்கள்.

டிக்கியைத் திறந்து பின்விளக்குக் கூட்டைக் கழற்றினால் கறுப்பு ஒயர் போய்ப் பாடியில் திருகியிருக்கும் இடம் தெரியும். எனக்கு அங்கே திருகே இல்லை; துரு தின்று தலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் புது ஓட்டை போட்டு, தேய்த்து, திருகி, மேலே பெயின்ட் அடித்தேன். ஹோல்டருக்குள் பித்தளைத் தகட்டிலும் களிம்பு இருக்கும். மடித்த உப்புத்தாளை விட்டு மெதுவாகச் சுரண்டுங்கள்.

ஹெட்லைட் மங்கல்

ராத்திரி தனுஷ்கோடி பக்கம் ஆள் போக விடுவதில்லை, ஆனால் உச்சிப்புளி தாண்டி மாடு படுத்திருக்கும் ரோட்டில் மங்கல் விளக்கோடு போவது ஆபத்து. பல்பை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள். விளக்கை எரியவிட்டு, பல்பு சாக்கெட்டின் பின்பக்கம் அளந்தால் 11 வோல்ட்தான் வருகிறது, பேட்டரியில் 13.8 இருக்கிறது என்றால், கிட்டத்தட்ட 3 வோல்ட் நடுவில் எங்கோ சூடாகப் போகிறது. பழைய சின்ன கார் பலவற்றில் ஹெட்லைட் கரன்ட் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகவே போய் வரும். 60 வாட்ஸ் பல்பு இரண்டு என்றால் 10 ஆம்பியர். இருபது வருடச் சுவிட்ச் அதைத் தாங்கித் தேய்ந்திருக்கும். ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்த ஒயரிங் செட் ஒன்று மாட்டினால் பழைய பல்பே புதுப் பல்பு மாதிரி எரியும். 100 வாட்ஸ் பல்பு போடுவது தீர்வே இல்லை, சாக்கெட் உருகும்.

இரண்டு நாள் நின்றால் பேட்டரி காலி

மைனஸ் ஒயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து ஒயருக்கும் கம்பத்துக்கும் நடுவில் இணையுங்கள். எல்லாக் கதவும் மூடியிருக்கட்டும், பத்து நிமிடம் காத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அரை ஆம்பியர் காட்டினால், 35 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி கணக்குப்படி 70 மணி நேரத்தில் வற்றிவிடும். செல்ப் அதற்கு ரொம்ப முன்னாலேயே நின்றுபோகும். பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள், எதை உருவும்போது எண் சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில் கசிவு. பழைய காரில் பெரும்பாலும் பின்னால் சேர்த்த சாமான்தான்: பாட்டுப் பெட்டி, ரிவர்ஸ் ஹாரன், சென்ட்ரல் லாக். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது தவறியும் செல்ப் போட்டுவிடாதீர்கள்.

பியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். போன பியூஸுக்கு அதே நிறம்தான். பெரியதைப் போடுவதும் சிகரெட் தாளைச் சுற்றிச் செருகுவதும் ஒயரையே பியூஸாக்குகிற வேலை. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயர் பற்றினால் அணைக்க நேரம் இருக்காது.

வைப்பர் பியூஸ் ஐப்பசி முதல் மழையில் போனால் மோட்டார்மேல் சந்தேகப்படாதீர்கள். பத்து மாதம் அசையாத மூட்டுகளில் உப்பு இறுகியிருக்கும். வைப்பர் கையைக் கழற்றி, இணைப்புக் கம்பிகளைக் கையால் அசைத்துப் பார்த்து, எண்ணெய் விட்டுப் பழக்குங்கள்.

இன்னொன்று இந்தக் கரைக்கே உரியது. மாருதி ஆம்னி வேனில் மீன் பெட்டி ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். ஐஸ் உருகின தண்ணீரும் மீன் தண்ணீரும் கார்ப்பெட்டுக்கு அடியில் இறங்கி நிற்கும். மேலே துடைத்தால் காய்ந்த மாதிரி தெரியும், அடியில் தெர்மாக்கோல் மாதிரி இருக்கும் பஞ்சு மாதக்கணக்கில் ஈரமாக இருக்கும். தரையோடு ஓடும் ஒயர்க் கட்டு அதில் ஊறுகிறது. பியூஸ் போவது மழைக்குச் சம்பந்தமில்லாமல் வளைவில் திரும்பும்போதோ குழியில் இறங்கும்போதோ நடந்தால் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஒயரின் பிளாஸ்டிக்குக்குள்ளேயே செம்பு கறுத்துப் போயிருக்கும். கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு ஒட்ட வேண்டும்.

ஏசி ப்ளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறது

ப்ளோயர் (காற்றைத் தள்ளும் பேன்) வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் எரிந்துவிட்டது. கடைசி ஸ்பீடுக்கு அது தேவையில்லை, அதனால்தான் அது மட்டும் ஓடுகிறது. ப்ளோயர் பெட்டியில் இரண்டு திருகில் நிற்கும் சின்னப் பாகம். மாற்றும்போது சாக்கெட் உருகியிருக்கிறதா பாருங்கள். உருகியிருந்தால் மோட்டார் இறுகி அதிக ஆம்பியர் இழுக்கிறது. அதையும் கவனிக்காவிட்டால் புது ரெசிஸ்டரும் எரியும். எந்த ஸ்பீடிலும் ஓடவில்லை என்றால் பியூஸ், ரிலே, மறுபடியும் எர்த்.

காற்று வருகிறது, குளிர் இல்லை

பானட்டைத் திறந்து வைத்து, இன்னொருவரை ஏசி பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். கம்ப்ரசர் முன்னால், அதைப் பெல்ட்டோடு சேர்க்கும் கிளச் ‘டிக்’ என்று ஒட்டுகிறதா, நடுத்தட்டு பெல்ட்டோடு சேர்ந்து சுற்றுகிறதா? கை, துண்டு, சேலை முந்தானை எதுவும் பக்கத்தில் போகக் கூடாது.

ஒட்டவே இல்லை என்றால் கிளச்சுக்குப் போகும் ஒற்றை ஒயரில் டெஸ்ட் லாம்ப் வையுங்கள். எரியவில்லை என்றால் கரன்ட் வரவில்லை. ரிலேயை அதே மாதிரி இருக்கும் ஹாரன் ரிலேயோடு மாற்றிப் பார்ப்பது இலவச சோதனை. அதுவும் சரி என்றால் பிரஷர் சுவிட்ச் தடுக்கிறது, கேஸ் குறைந்திருக்கலாம். டெஸ்ட் லாம்ப் நன்றாக எரிந்தும் கிளச் ஒட்டவில்லை என்றால் கிளச் காயில் போயிருக்கும், அல்லது கிளச் தட்டுக்கு நடுவில் இடைவெளி கூடியிருக்கும்.

இந்த இடைவெளி பலரை ஏமாற்றும். காலையில் ஏசி ஜில்லென்று இருக்கும். பரமக்குடி போகும் வழியில் அரை மணி நேரத்தில் வெக்கை. டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி ஜில். கேஸ் என்று நினைத்து அடிப்பார்கள். கிளச் தட்டு தேய்ந்து இடைவெளி அகன்றுவிட்டது, காயில் சூடானதும் இழுக்கும் பலம் குறைகிறது, அவ்வளவுதான். பல கம்ப்ரசர்களில் இது 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தால் மறுபடி நெருங்கும். ஏசி மெக்கானிக்கிடம் “சூடானா கிளச் விடுது, கேப் பாருங்க” என்று சொன்னால் புரிந்துகொள்வார்.

கிளச் ஒட்டி ஒட்டி, சில நொடிக்கு ஒருமுறை டிக் டிக் என்று விட்டால் பெரும்பாலும் கேஸ் குறைவு.

ஓடும்போது குளிர், நின்றால் வெக்கை

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் இதை எல்லாரும் அனுபவித்திருப்பார்கள். கேஸில் குறை சொல்லாதீர்கள். வண்டியின் முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியே விடுவது கண்டன்சர், அந்தச் சூடு வெளியே போகவில்லை. ஏசி போட்டதும் கண்டன்சர் பேன் சுற்றுகிறதா பாருங்கள். சுற்றாவிட்டால் பேனின் சாக்கெட்டைக் கழற்றி உள்ளே பச்சை இருக்கிறதா என்று பாருங்கள். பேன் சுற்றுகிறது, ஆனாலும் வெக்கை என்றால் ஒரு சோதனை: வண்டி நின்றபடி ஓடட்டும், கண்டன்சர் மேல் ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். அரை நிமிடத்தில் உள்ளே குளிர்ந்தால் கேஸும் கம்ப்ரசரும் நல்லவை. கண்டன்சர் அடைத்திருக்கிறது, அல்லது பேன் பலமில்லாமல் சுற்றுகிறது.

தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை 2017இல் ரோடு திறந்ததிலிருந்து ஊருக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாரையும் அங்கே கூட்டிப்போக வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் வண்டி. மணலும் நுரையும் நேராகக் கண்டன்சரில் போய் விழும். திரும்பி வந்த அன்றே கழுவுவது நல்லது. ஆனால் எங்கள் பக்கம் பல இடத்தில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் காய்ந்தபின் வெள்ளைப் படலம் கூடத்தான் செய்யும். காவிரித் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ இரண்டு வாளி போதும். இன்ஜின் ஆறின பிறகு, உள்பக்கமிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி மெதுவாக ஊற்றுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் கன்னைக் கிட்டே பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும், அப்புறம் காற்று நுழையாது. தகட்டை விரலால் தொட்டாலே சாம்பலாக உதிர்கிறது என்றால் கழுவிப் பயனில்லை. கண்டன்சரை மாற்றும் காலம் வந்துவிட்டது.

போகப் போகக் காற்று குறைகிறது

ப்ளோயர் சத்தம் அப்படியே இருக்கிறது, காற்று மட்டும் குறைகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது. ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் காற்று திரும்ப வரும், வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டும். தெர்மோஸ்டாட் நிறுத்த வேண்டிய நேரத்தில் கம்ப்ரசரை நிறுத்தவில்லை, அல்லது காயில் தூசியால் அடைத்திருக்கிறது. பழைய சின்ன கார்கள் பலவற்றில் ப்ளோயருக்கு பில்டரே கிடையாது, ரோட்டுத் தூசி நேராகக் காயிலில்தான் ஒட்டும்.

காலடியில் தண்ணீர் நிற்பதும் இதன் பக்கத்து வீட்டுக் கோளாறு. ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அடையாளம். கீழே சொட்டாமல் உள்ளே நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. சீமைக்கருவேல இலை அரிசி மாதிரிச் சின்னது, எங்கேயும் நுழையும். மெல்லிய பிளாஸ்டிக் குழாயைக் கீழிருந்து விட்டு ஊதுங்கள். கம்பி விட்டால் காயில் ஓட்டையாகும். தண்ணீர் பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட், வேறு கதை. ஏசி காற்றில் ஈரத்துணி நாற்றம் வந்தால் காயிலில் பூஞ்சை. வீடு வர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து ப்ளோயரை ஓடவிட்டால் காயில் காய்ந்துவிடும்.

கேஸ் அடிக்கும் முன்

வருடா வருடம் கேஸ் போட வேண்டும் என்று சொல்வார்கள். நானும் ஒரு கடையில் மூன்று கோடை அப்படிப் போட்டேன். பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல அது. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. சில வருடத்தில் கொஞ்சம் குறையலாம். ஒரே கோடையில் தீர்ந்தால் லீக் இருக்கிறது.

லீக்கைக் கண்ணாலேயே ஓரளவு பிடிக்கலாம். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் கசிவதால் அந்த இடத்தில் தூசி கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக ஒட்டியிருக்கும். எனக்குக் கண்டன்சரின் கீழ் மூலையில் இருந்தது. ஈர மணல் தங்கும் இடம் அதுதான். சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தொட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கடுகு அளவில் ஒரு கொப்புளம் எழும்பி உடைந்து, அதே இடத்தில் இன்னொன்று எழும்பியது. மூன்று கோடைக்குக் கொடுத்த பணம் அந்தக் கடுகு ஓட்டை வழியாகத்தான் போயிருக்கிறது.

குழாயை நீங்களே கழற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் ஆர்-134ஏ என்ற கேஸ் வெளியே வந்ததும் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கடையில் நீங்கள் கேட்க வேண்டியவை சில. பானட் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த கேஸ், எத்தனை கிராம் என்று போட்டிருந்தால், அதே கேஸ், அதே எடை. ரொம்பப் பழைய வண்டியில் ஆர்-12 என்ற பழைய கேஸ் இருக்கலாம். அதன் எண்ணெயே வேறு, இரண்டையும் கலக்கக் கூடாது. விலை குறைவு என்று சமையல் கேஸ் கலந்த சிலிண்டரைக் கொண்டுவந்தால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், தீப்பற்றும். லீக்கை அடைத்த பிறகு குறைந்தது அரை மணி நேரம் வேக்கம் போடச் சொல்லுங்கள், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் மோட்டாரால் உறிஞ்சி எடுப்பது. நம் காற்றில் இருக்கும் ஈரம் உள்ளே தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே தின்னும். வேக்கம் மோட்டாரை அணைத்தபின் கேஜ் முள் பத்து நிமிடம் அசையாமல் நிற்கிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். மேலே ஏறினால் லீக் இன்னும் இருக்கிறது, கேஸை ஏற்ற விடாதீர்கள்.

இன்ஜின் அணைந்திருக்கும்போது பிரஷர் காட்டும் இரண்டு கேஜும் 32 டிகிரி வெயிலில் 100 பிஎஸ்ஐ பக்கம் காட்டுவதைப் பார்த்து “கேஸ் புல்லா இருக்கு” என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். உள்ளே கொஞ்சமாகத் திரவம் இருந்தாலே அந்த அளவு காட்டும். ஓடும்போது குறைந்த பிரஷர் பக்கம் 25 முதல் 40 பிஎஸ்ஐ, உயர்ந்த பிரஷர் பக்கம் ஏறக்குறைய 150 முதல் 250 பிஎஸ்ஐ. சித்திரை வெயிலில் உயர்ந்த பக்கம் இன்னும் கொஞ்சம் ஏறும்.

கண்டன்சர் மாற்றி, வேக்கம் போட்டு, எடை பார்த்து ஏற்றிய கேஸ் என் வண்டியில் நாலாவது கோடையாக ஓடுகிறது. புதுக் கண்டன்சரின் கீழ் மூலையில் மணல் தங்காமல் மாதம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டிவிடுகிறேன்.